பீங்கான் ஆட்டுக்குள் தூக்கம்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: அம்மா, அப்பா, சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த அத்தை, பங்குச் சாமியார், அவருக்குப் பின்னால் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த உபதேசியார், நான். சுவர் மாடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் ஆட்டுக்குட்டி. வாசலில் அப்பாவின் சைக்கிள். அதன் ஹேண்டில்பாரில் அம்மாவின் புடவைகளை மடித்து வைத்த மஞ்சள் பை தொங்கியது. அந்தப் பை எங்கே போகப் போகிறது என்று எனக்குத் தெரியும். அது போகாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சின்ன வயசில் என்னோடு புதுநன்மை, அதுதான் முதல் நற்கருணை, வாங்கின உங்களில் சிலருக்கு எங்கள் அம்மாவை ஞாபகம் இருக்கும். பொம்மைக் கம்பெனி வாசலில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்ற பொம்பளை என்று ஞாபகம் இருக்கும். நம் வயசுக்காரர்கள் இரண்டு பேர் போன மாதம் ஒரு கல்யாணத்தில் அப்படித்தான் சொன்னார்கள், தப்பாக ஒன்றும் இல்லை, அடையாளத்துக்குச் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா வேலை பார்த்தது தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பொம்மைக் கம்பெனி. களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சைப் பிரித்ததும் பொம்மையின் இரண்டு பக்கமும் கோடு மாதிரி ஒரு விளிம்பு நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து மழமழவென்று ஆக்குவது அம்மாவின் வேலை. ஒவ்வொரு பொம்மைக்கும் அடியில் ஓர் ஓட்டை இருக்கும். உள்ளே காற்று அடைபட்டால் சூளையில் வெடித்துவிடும், அதற்காக. அப்பாவும் அதே பேட்டையில்தான், சூளையில் சரக்கு அடுக்குகிறவர். இரண்டு பேர் மேலும் ஒரே வாசனை வரும், மழை விழுந்த சுவர் மாதிரி.

அந்த ஆட்டுக்குட்டி கிறிஸ்மஸ் குடிலுக்காகச் செய்தது. சூளையில் அதற்கு ஒரு காது போய்விட்டது. காது போனதற்கு முதலாளி அம்மாவின் கூலியில் இரண்டே கால் ரூபாய் பிடித்துக்கொண்டு, ஆட்டை அம்மாவிடமே கொடுத்துவிட்டார். "காசு குடுத்து வாங்குனதுடி, தூக்கிப் போட மாட்டேன்" என்று அம்மா அதை மாடத்தில் வைத்துவிட்டாள்.

இதற்கு முந்தின வருஷம் அம்மாவுக்கு முதல் தடவையாக அது வந்தது. அதற்கு எங்கள் வீட்டில் பெயர் கிடையாது, 'அது' என்றுதான் சொல்வோம். சூளைக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதாக அம்மா சொன்னாள். ஒரு நாள் எரிகிற சூளையின் கதவுப் பக்கம் போய் நின்றுவிட்டாள். அப்பாதான் கையைப் பிடித்து இழுத்தார். அத்தை பஸ் ஏறி வந்து, பேய் பிடித்தவர்களை வைத்துக்கொள்ளும் ஓர் இடத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். ஊர் பெயர் வேண்டாம். அங்கிருந்து திரும்பி வந்தபோது அம்மாவின் கணுக்காலைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் இருந்தது. சங்கிலித் தடம். கொலுசு போட்ட தடம் என்று தெருவில் சொல்லச் சொன்னார்கள். எங்கள் அம்மா கொலுசே போட்டதில்லை.

பிறகு யாரோ சொல்லி அப்பா அவளைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார். மாத்திரை கொடுத்தார்கள். இரவில் ஒன்று. கொஞ்ச நாளில் குரல் நின்றது. அம்மா குழம்பு வைத்தாள், என் தலையைப் பின்னினாள், வேலைக்குப் போனாள். டாக்டர் அப்பாவிடம் விவரமாகத்தான் சொல்லியிருப்பார். அப்பா வீட்டில் வந்து சொன்னது ஒரே வார்த்தை: தூக்க மாத்திரை. அந்த வார்த்தைதான் எங்களைக் குப்புறத் தள்ளியது என்று இப்போது தெரிகிறது.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியபோது முந்திரி பூத்திருந்தது. காற்றில் ஒரு புளித்த இனிப்பு வாசனை, ஞாபகம் இருக்கிறதா? நெற்றியில் சாம்பலோடு நாம் ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்திருக்க, உபதேசியார் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஆளுக்கு ஒண்ணு விடணும். புடிக்காதத விட்டுட்டு தபசுன்னு சொல்லக் கூடாது. எது ரொம்ப சொகமா இருக்குதோ அதத்தான் ஆண்டவருக்கு விடணும். விட்டதை உண்டியல்ல போட்டு பெரிய வெள்ளிக்கிழமை கொண்டாந்து குடுக்கணும்." அப்பா பீடியை விட்டார். நான் ஐஸை விட்டேன், மனசே இல்லாமல். அம்மா எதை விட்டாள் என்று சொல்லவில்லை.

அந்த வாரம் அத்தை வந்திருந்தாள். "எங்க வூட்டுக்காரரு போனதுலேர்ந்து எனக்குக் கண்ணே மூடல. இங்க ஒருத்தி மாத்திரையப் போட்டுக்கினு ராஜா வூட்டுப் பொண்ணாட்டம் தூங்குறா. குடுத்து வச்சவ" என்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, அவள் வாய் அப்படி. அம்மா கீரைக் காம்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அம்மா சுறுசுறுப்பாகிவிட்டாள். நான் எழுந்திருக்கும்போது வாசல் தெளித்திருக்கும், பாத்திரம் எல்லாம் கண்ணாடியாக மின்னும், கையில் ஜெபமாலை உருண்டுகொண்டிருக்கும். உபதேசியார் வகுப்பில் என்னைக் காட்டி, "இவங்க அம்மாவப் பாருங்க, பக்தின்னா அதான் பக்தி" என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அம்மாவின் கண் ஓரம் சிவந்து காய்ந்து கிடந்தது எனக்குத்தானே பக்கத்தில் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மாடத்தைத் துடைக்க ஆட்டுக்குட்டியைத் தூக்கினேன். கலகலவென்றது.

ஆட்டிப் பார்த்தேன். மறுபடியும் கலகல. அடியில் இருந்த ஓட்டையை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஒரு விளிம்பு. அம்மா பின்னால் நின்றிருந்தாள்.

"வச்சிடு" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அது என்னோட உண்டியலுடி. பெரிய வெள்ளிக்கெழமை சிலுவைக்கிட்ட வைக்கப் போறேன். யாருகிட்டயும் சொல்லிடாத, காணிக்கைய வெளிய சொன்னா பலன் போயிடும்."

மாத்திரை என்று எனக்குப் புரிந்துவிட்டது. தினமும் அப்பா கேட்பார், "போட்டுக்கிட்டியா?" அம்மா "போட்டுட்டன்" என்பாள். பொய்யும் இல்லை. எங்கே போட்டாள் என்று அப்பா கேட்கவில்லை.

சொன்னால் அம்மாவின் காணிக்கை கெட்டுப்போகும். சொல்லாவிட்டால் அது திரும்பி வரும், வந்தால் சங்கிலி. இப்போதும் எனக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடாது, அப்போதே அப்படித்தான். சோறு இறங்கவில்லை. அத்தையின் தகரப் பெட்டியைப் பார்த்தால் சங்கிலி உள்ளே இருக்குமோ என்று தோன்றும். அவள் பல் துலக்கப் போன நேரம் ஒரு தடவை திறந்தே பார்த்தேன். இரண்டு புடவையும் ஒரு சுண்ணாம்பு டப்பாவும் இருந்தன.

பிறகு கம்பெனியில் அந்த விஷயம் நடந்தது. சுடாத மாதா பொம்மை ஒன்றை அம்மா துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பச்சை மண், ஈர ஸ்பாஞ்சு. மூக்கு போய், கண் போய், வாய் போய், முகம் இருந்த இடம் முட்டை மாதிரி ஆகிவிட்டது. "இன்னும் சுத்தமாவல, இன்னும் சுத்தமாவல" என்று சொன்னாளாம். முதலாளி என்னை வரவழைத்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வரும் வழியில் அம்மா நடுவில் நின்று சூளைப் பக்கம் காதைக் கொடுத்தாள். நான் கையைப் பிடித்திருந்தேன். "கூப்புடறாங்க இல்ல?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறது என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது, அவள் தனியாக இருக்கக் கூடாதே என்று.

நடுவில் ஊருக்குப் போயிருந்த அத்தையை அப்பா ஆள் விட்டு வரவழைத்தார். அத்தை வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "தம்பி, மாத்திரைக்கு அடங்குற சமாச்சாரம் இல்ல இது. தெனமும் மாத்திரை போட்டும் வந்துருக்குது பாரு. போன வாட்டி பாதியில கூட்டியாந்துட்டோம், அதான். இந்த வாட்டி முழுசா விட்டுட்டு வரணும்." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவது என்று முடிவாயிற்று.

அந்தச் சனிக்கிழமை காலையில்தான் நமக்கு முதல் பாவசங்கீர்த்தனம். நீங்களும் வரிசையில் நின்றீர்கள். எனக்கு முன்னால் நின்றவள், எத்தனை மாங்காய் திருடினாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது. முட்டி போட்டேன். மரத் தட்டியின் ஓட்டைகளுக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது மட்டும் தெரிந்தது. அவர் மேல் மூக்குப் பொடி வாசனை. கோபப்பட்டது, பொய் சொன்னது, ஐஸை விட்டதாகச் சொல்லி ஒரு தடவை நக்கியது எல்லாம் சொன்னேன். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. ஆடு, மாத்திரை, பெரிய வெள்ளி, சங்கிலி, மத்தியான பஸ் எல்லாம் வந்துவிட்டது.

 சாமியார் மெதுவாக, "இதுல உன் பாவம் ஒண்ணும் இல்ல, பாப்பா. ஆனா ஒரு சங்கடம். இங்க முட்டி போட்டுச் சொன்னத நான் எங்கயும் பேச முடியாது. உங்கப்பாகிட்ட முடியாது, உங்கிட்டயே வெளிய வந்து இதப்பத்தி நானா கேக்க முடியாது. நான் செத்தாலும் முடியாது. புரியுதா?"

நான் மரத் தட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சொல்லியும் சொல்லாத மாதிரி ஆகிவிட்டதே என்று.

"நான் எல்லாரையும் முடிச்சிட்டு வேப்பமரத்தடிக்கு வருவேன். அங்க நீயா எதுனா சொன்னா, அது வேற. அது என் காதுல புதுசா வுழும்."

மரத்தடியில் காத்திருந்தேன். அத்தை என்னைக் கூட்டிப் போக வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று புலம்பினாள். சாமியார் ஒருவழியாக வந்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வேறு யாரோ என்று நினைக்கும்படி இருந்தார். "என்னா வெயிலு" என்றார். "சாப்பிட்டியா பாப்பா?" என்றார். உபதேசியாரிடம் குருத்தோலை ஞாயிற்றுக்கு ஓலை சொல்லியாயிற்றா என்று விசாரித்தார். போகவும் இல்லை, கேட்கவும் இல்லை. செருப்பில் ஒட்டிய வேப்பம்பூவைத் தட்டிக்கொண்டு நின்றார்.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா புள்ள, நேரமாவுது."

மாத்திரை என்ற வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. அம்மாவின் காணிக்கை ஆயிற்றே. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "சாமி, எங்க வூட்டு ஆடு கலகலங்குது."

"ஆடா?" என்றாள் அத்தை. "இவங்க வூட்டுல ஏது ஆடு? சாமி, இதுக்கும் சேத்து ஒரு டிக்கெட் எடுத்துடவேண்டியதுதான்."

"அப்படியா?" என்றார் சாமியார். "கலகலங்குற ஆட்ட நான் பாத்ததே இல்லயே. வா, பாத்துட்டு வரலாம்." எங்கள் தெருவை நோக்கி அவர் நடக்க ஆரம்பித்தபோது அங்கி காற்றில் பறந்தது. உபதேசியார் குடையோடு ஓட வேண்டியிருந்தது.

முதலில் சொன்னேனே, அந்த ஆறு பேர், அப்படித்தான் சேர்ந்தோம். அம்மா சுவரில் சாய்ந்து, போகத் தயாராகப் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். சாமியாரைப் பார்த்ததும் எழுந்து தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். அவர் மாடத்திலிருந்து ஆட்டை எடுத்து ஆட்டினார். அந்தச் சத்தம் இப்போது அடைத்துப்போய் இருந்தது, நிறைய விழுந்துவிட்டதால்.

"இதுக்குள்ள என்னாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "காணிக்கை சாமி" என்றாள். "தூக்கம். தூக்கத்த வுட்டுட்டேன். அதான் எனக்கு ரொம்ப சொகமா இருந்துச்சு. உபதேசியாருதான் சொன்னாங்க."

உபதேசியாரின் குடை தரையில் விழுந்தது.

அப்பாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அத்தை மட்டும், "பாத்தியா தம்பி, மாத்திரையப் போடவுடாம அதுதான் பண்ணியிருக்குது. பஸ்ஸ வுட்டுடாத" என்றாள்.

"இருங்கம்மா" என்றார் சாமியார். அம்மாவிடம், "யாரு சொன்னா இது தூக்கத்துக்குன்னு? இது ஒன் வியாதிக்கு. நான் பூசைக்கு முன்னாடி சர்க்கரைக்கு மாத்திரை போடறேன். அதுல என் ஒருசந்தி நோம்பு கெடறதில்ல."

"ஒங்களுக்கு ஒடம்பு சாமி. எனக்குப் புத்தி. புத்தியக் குடுத்தவரு அவரு. அவர நம்பாம மாத்திரைய நம்புனா கோவிச்சுக்க மாட்டாரா?" அம்மா வேகமாகப் பேசினாள், நிறுத்தாமல். "சிலுவைக்கு மொத நாளு ராத்திரி ஆண்டவரு தோட்டத்துல முழிச்சிருந்தாரு. கூட இருந்தவங்க தூங்கிப்புட்டாங்க. அவருக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும். நானாவது முழிச்சிருக்கலாம்னுதான்."

 இத்தனை வாரமும் அம்மா யாருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தாள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாமியார் ஆட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில், அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். சாமியார் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அது ஒரு ராத்திரிம்மா" என்றார். "படகுல போனாரே, அது ஞாபகம் இருக்குதா? புயலு அடிக்குது, தண்ணி உள்ள வருது, எல்லாரும் கத்துறாங்க. அவரு என்னா பண்ணிக்கிட்டிருந்தாரு?"

அம்மா யோசித்தாள். "தூங்கினு இருந்தாரு."

"சும்மாவும் தூங்கல. தலைக்கு ஒரு தலகாணி வச்சுக்கிட்டுத் தூங்குனாரு. சுவிசேஷத்துலயே இருக்குது."

"தலகாணியா?"

"தலகாணி. அவ்ளோ புயலுலயும் தேடி எடுத்து வச்சிருக்காரு பாரு."

அம்மா வாய்க்குள் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். தலகாணி. அவள் தோள் கொஞ்சம் கீழே இறங்கியது. அதை நான் பார்த்தேன். அவள் அழவில்லை. "அப்ப அவரு கோவிச்சுக்க மாட்டாரா சாமி, நான் தூங்குனா?" என்று கேட்டாள்.

"அவரே தூங்குனவரு. எப்படிக் கோவிச்சுக்குவாரு?"

மாத்திரைகளை வெளியே எடுக்க அவர் ஆட்டைக் கவிழ்த்துக் குலுக்கினார். உள்ளே போன வழியில் வெளியே வர மாட்டேன் என்றன. ஈரக் காற்றுக்கு உப்பி ஒட்டிக்கொண்டிருந்தன. தரையில் லேசாகத் தட்டினார். இன்னொரு தட்டு. ஆடு இரண்டாக உடைந்தது. தரையெல்லாம் மாத்திரை, சில வெள்ளையாக, சில பழுப்பேறி.  ஒரு காதோடு தலை மட்டும் உருண்டு போய் அத்தையின் காலடியில் நின்றது.

அம்மா அதைப் பார்த்தாள். சாமியாரைப் பார்த்தாள்.

"சாமி, அது ரெண்டே கால் ரூபா" என்றாள்.

முதலில் சிரித்தது அத்தைதான். அவள் முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள், பிறகு அப்பா, பிறகு அம்மாவே. சாமியார் அங்கியின் பையைத் தடவி, "கையில இப்ப இல்லம்மா, பெரிய வெள்ளி முடிஞ்சு பாஸ்காவுக்குத் தரேன்" என்றார். அந்த மத்தியானம் அம்மாவும் அப்பாவும் பஸ் ஏறினார்கள். சாமியாரும் ஏறினார். பஸ் பாண்டிச்சேரிக்குப் போயிற்று. அத்தை என்னோடு வீட்டில் இருந்து, உடைந்த பீங்கானைப் பெருக்கி, தலையை மட்டும் எடுத்துத் தன் சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு அது போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் வந்தது, போனது. ஒரு தடவை வந்தபோதுதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஆனால் சங்கிலி மறுபடி வரவில்லை. ஒவ்வொரு நாளும் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, தலையணையைத் தட்டி, "படகுல ஏறப் போறேன்" என்று எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் படுப்பாள். குரல் கேட்கிற நாட்களிலும் சொல்வாள், பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்வாள்.

வருஷா வருஷம் ஈஸ்டர் ராத்திரி பாஸ்கா பூசை முடிந்து கும்பலுக்கு நடுவில் நின்று, "சாமி, ஆட்டுக் காசு" என்பாள். அவர், "சில்லறை இல்லம்மா, அடுத்த பாஸ்காவுக்கு வா" என்பார். உண்டியல் எண்ணின சில்லறைப் பை அவர் கையிலேயே கனமாகத் தொங்கும். "ஆட்டக் கொன்னுப்புட்டு காசு தராத சாமி" என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள். எனக்கும் அவர் கருமி என்றுதான் அப்போது எண்ணம். ரொம்ப மோசமான ஒரு வருஷம், சாகத்தான் வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்த வருஷம், அவர் திட்டக்குடிப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். அங்கிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: ஆட்டுக் காசு பாக்கி இருக்குது, பாஸ்காவுக்கு வந்து வாங்கிக்கச் சொல்லு. அம்மா கோபத்தோடு எழுந்து உட்கார்ந்தாள். "வாங்காம வுட மாட்டேன்" என்றாள். அந்தப் பாஸ்காவுக்குப் போனோம். கொடுக்கவில்லை. எதற்காகக் கொடுக்கவில்லை என்று எனக்கு விளங்க இவ்வளவு வயசாகியிருக்கிறது.

அவர் முந்திக்கொண்டார். சாவுச் செய்தி வந்த அன்றைக்கு அம்மா அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குடுக்காமயே போயிட்டாரு பாரு. இருக்கட்டும், அங்க வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். பரலோகத்தை அம்மா அதற்கு மேல் விவரித்ததில்லை. போய்ப் பார்க்க அங்கே ஓர் ஆள் இருக்கிறார், கேட்க ஒரு கணக்கு இருக்கிறது. அது அவளுக்குப் போதும். கிழவியாகி, தூக்கத்திலேயே போனாள், தலையணையில்.

எனக்கும் நாற்பது தாண்டி இந்தப் பதற்றம் பிடித்துக்கொண்டது. கேஸை மூடினேனா, பூட்டைப் பூட்டினேனா, பிள்ளைகள் போன பஸ் போய்ச் சேர்ந்ததா. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். வாங்கும்போதே அதன் பெயரைக் கேட்டுக்கொண்டேன், எதற்கு என்றும் கேட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டு படகில் ஏறுகிறேன். ஆண்டவர் தலையணையில் பாதி இடம் விட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

ஏறின பிறகும் ஒரு கவலை மட்டும் ஓடும். அம்மா போய்க் கேட்டிருப்பாளா, அவர் கொடுத்திருப்பாரா, இல்லை அங்கேயும் சில்லறை இல்லை என்றிருப்பாரா. நாலணாவே இங்கே செல்லாமல் போய்விட்டது, அங்கே எப்படியோ. நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரைக்கும் என் கணக்கில் பாக்கி, இரண்டே கால் ரூபாய்.